45 கார்டா, 49 கார்டா? நெட்ரன்னர் கார்ப் டெக்கில் அந்த நாலு கார்டு

தண்ணியில்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குத் திரும்பிவிட்டார், கேலி மட்டும் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. நெட்ரன்னர் இருவர் ஆடும் கார்டு ஆட்டம்: ஒருவர் ரகசியங்களைக் காக்கும் நிறுவனமான கார்ப், எதிராளி அதற்குள் புகுகிற ஹேக்கரான ரன்னர். இதில் கார்ப் ஆடுவதும் கிட்டத்தட்ட இந்த விளையாட்டுதான். ராசா எந்தக் கோட்டையில் இருக்கிறார், இருக்கிறாரா இல்லையா என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது. எத்தனை ராசாவை, அதாவது புள்ளி தருகிற அஜெண்டா கார்டுகளை, எத்தனை கார்டுக்கு நடுவே ஒளிப்பது என்பதில்தான் 45-49 சண்டை தொடங்குகிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1996-இல் உருவாக்கிய ஆட்டம் இது. 2012 முதல் 2018 வரை ஃபேன்டசி ஃப்ளைட் நிறுவனம் புது வடிவில் வெளியிட்டது. இப்போது நடத்துவது நல் சிக்னல் கேம்ஸ் என்ற ரசிகர் அமைப்பு. கீழே வருகிற கார்டுகள் எல்லாம் அவர்களுடைய 2021 சிஸ்டம் கேட்வே தொகுப்பைச் சேர்ந்தவை. பிடிஎஃப் இலவசம் என்பதால் காட்பாடி ஹாஸ்டல் அறையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரன்னர் டெக்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஐடென்டிட்டி கார்டு (யாராக ஆடுகிறோம் என்று காட்டுவது) கேட்கிற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவோ அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு கார்டு கூடினாலும் பிரேக்கர், அதாவது கார்ப்பின் தடுப்புக் கார்டான ஐஸை உடைக்கிற கார்டு, கைக்கு வருவது தள்ளிப்போகும், பதிலுக்கு எதுவும் கிடைக்காது. கார்ப் டெக்கில் மட்டும்தான் கூடுதல் கார்டுக்கு ஒரு லாபம் இருக்கிறது. 45 முதல் 49 வரை எத்தனை கார்டு வைத்தாலும் அஜெண்டா புள்ளி 20 அல்லது 21 போதும். 50-ஐத் தொட்டால் 22 வேண்டும். அதனால் 50 கார்டு டெக் வீண்: ரெண்டு புள்ளி அஜெண்டா 11 வைத்தால் 50-க்கு 22 சதவீதம், 10 வைத்த 45 கார்டு டெக்கில் 22.2. அஞ்சு கார்டைச் சுமந்தும் கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஒப்பிட ஒரே ஐடென்டிட்டியை எடுத்துக்கொள்வோம்: ஹாஸ்-பயோராய்ட் பிரிசிஷன் டிசைன். அஜெண்டா பத்து: சென்ட் எ மெசேஜ் 3, ஆஃப்வேர்ல்ட் ஆஃபீஸ் 3, சூப்பர்கண்டக்டிங் ஹப் 3, லூமினல் டிரான்ஸப்ஸ்டான்ஷியேஷன் 1. புள்ளி 9+6+3+2, மொத்தம் 20. இரண்டு டெக்கிலும் இதே பத்துதான்.

| | 45 கார்டு | 49 கார்டு |
|---|---|---|
| முதல் கையில் 2 அல்லது அதற்கு மேல் அஜெண்டா | 31% | 27% |
| மூன்று பிரதி வைத்த கார்டு முதல் 10 கார்டுக்குள் வருவது | 54% | 50% |
| முதல் கையில் 2 ஐஸாவது (15 ஐஸ் மட்டும் வைத்தால்) | 55% | 49% |
| அதே கணக்கு, 49-இல் 17 ஐஸ் வைத்தால் | | 57% |

முதல் இரண்டு வரியில் வித்தியாசம் ஏறக்குறைய சமம். அஜெண்டா கையில் குவிவது நாலு சதவீதம் குறைகிறது, முக்கியமான கார்டு வருவதும் நாலு சதவீதம் குறைகிறது. இந்த இரண்டு வரியை மட்டும் வைத்து வாதாடினால் விடிய விடிய வாதாடலாம். பதில் இருப்பது கடைசி இரண்டு வரியில்.

49-க்குப் போகிற பலர் செய்கிற தப்பு அங்கேதான். டெக்கில் இடமில்லாமல் வெளியே வைத்த நாலு ஆசைக் கார்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, ஐஸை 15-இலேயே விட்டுவிடுவார்கள். பலன், முதல் கையில் இரண்டு ஐஸாவது வருகிற வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆர் அண்ட் டி (கார்ப்பின் டெக்), எச்க்யூ (கார்ப்பின் கை) இரண்டுக்கும் ஒவ்வொரு ஐஸ் முதல் டர்னிலேயே போட முடியாத கார்ப், கதவைத் திறந்து வைத்துவிட்டு காவேரிப்பாக்கம் போன கதைதான். நாலில் இரண்டு ஐஸாக இருந்தே ஆக வேண்டும். பாலிசேட் நல்ல தேர்வு: மூன்று கிரெடிட்டுக்கு (ஆட்டப் பணம்) ரெஸ் ஆகும், அதாவது திறந்து செயல்படும், ரிமோட்டில் (அஜெண்டாவை வைக்கிற தனி சர்வர்) பலம் 4. இரண்டாவதுக்கு ஒயிட்ஸ்பேஸ். ரன்னர் கையில் கிரெடிட் குறைவாக இருக்கிற ஆரம்ப டர்ன்களில் அது செய்கிற வேலை விலைக்கு மேல். இரண்டும் எந்த ஃபாக்ஷனுக்கும் (அணிக்கும்) சேராத நியூட்ரல் கார்டு என்பதையும் கவனிக்க வேண்டும். டெக் பெருத்தாலும் இன்ஃப்ளூயன்ஸ் (வேற்று ஃபாக்ஷன் கார்டுக்கான வரம்பு) 15-லிருந்து ஏறாது, ஆகவே அது ஏற்கெனவே தீர்ந்திருந்தால் நாலு கார்டும் சொந்த ஃபாக்ஷனிலோ நியூட்ரலிலோதான் வர முடியும். மிச்ச இரண்டில் ஒன்று பணத்துக்கு, ஒன்று விருப்பத்துக்கு. இப்படிப் போட்டால் 49-இன் பிரிப்பு: அஜெண்டா 10, ஐஸ் 17, பணம் 12, மற்றவை 10. 45-இல் அதுவே 10, 15, 11, 9.

இனி எந்த ஆட்டத்துக்கு எது.

சீம்லெஸ் லான்ச்சை (முன் டர்னில் வைத்த கார்டில் ஒரே கிளிக்கில், அதாவது ஒரே செயலில், இரண்டு அட்வான்ஸ் டோக்கன் வைக்கிற கார்டு) நம்பி வேகமாக ஸ்கோர் செய்கிற டெக் என்றால் 45 தான். ஆஃப்வேர்ல்ட் ஆஃபீஸை ஸ்கோர் செய்ய நாலு அட்வான்ஸ் டோக்கன் வேண்டும். ஒரு டர்னில் வெறுமனே கவிழ்த்து வைத்து, அடுத்த டர்னில் சீம்லெஸ் லான்ச் ஒரு கிளிக், கையால் அட்வான்ஸ் இரண்டு கிளிக் என்று மூன்றே கிளிக்கில் முடித்துவிடலாம். ரன்னர் பார்ப்பது ஒரு டோக்கன்கூட இல்லாத கவிழ்ந்த கார்டை. ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று அவர் யோசிக்கிற நேரத்தில், ஸ்கோருக்கு அது தருகிற ஏழு கிரெடிட் நம் கையில். இந்தத் திட்டம் முழுக்க மூன்று பிரதி வைத்த ஒரு கார்டின் மேல் நிற்கிறது, அதைத் தேடுகிற டெக்கைப் பெருக்கக் கூடாது. அஜெண்டா கையில் குவிந்தால் ஸ்பிரிண்ட் இருக்கிறது: மூன்று எடுத்து, கையிலிருந்து இரண்டைத் திரும்பக் கலக்கலாம். ஆனால் கலக்கிய அஜெண்டா ஆர் அண்ட் டிக்குள்தான் போகிறது. எதிரில் கண்டூயிட் (ஆர் அண்ட் டியில் கூடுதல் கார்டு பார்க்க உதவுகிற ரன்னர் கார்டு) ஓடிக்கொண்டிருந்தால் பள்ளத்தை மூடப் பக்கத்தில் இன்னொரு பள்ளம் வெட்டினது போல ஆகும்.

மதில் கட்டி மெதுவாக ஆடுகிறவர்களுக்கு 49. இங்கே பிரிசிஷன் டிசைனுக்கே உரிய ஒரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஸ்கோருக்கும் ஆர்கைவ்ஸிலிருந்து (கார்ப்பின் கழிந்த கார்டுக் குவியல்) ஒரு கார்டைக் கைக்கு எடுக்கலாம். முதல் சீம்லெஸ் லான்ச் தாமதமாக வந்தாலும், அதன்பின் ஸ்கோர் செய்யும் ஒவ்வொரு தடவையும் அதே கார்டு திரும்ப வரும். ஆக 49-இன் நாலு சதவீத நஷ்டம் முதல் தடவை மட்டும்தான் வலிக்கும். அஜெண்டா அடர்த்தி குறைந்த லாபமோ ஆட்டம் முழுக்கக் கூடவே வரும். கை அளவு ஒன்று கூடுவதால் அஜெண்டாவைக் கையில் வைத்துக் காத்திருக்கவும் முடிகிறது. மற்ற ஐடென்டிட்டிகளில் இந்தத் திருப்பி எடுக்கும் வசதி கிடையாது, அங்கே இதே வாதத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

46, 47, 48? கூட்டுவது லாபம் என்றால் நாலும் கூட்டுங்கள், நஷ்டம் என்றால் ஒன்றுகூட வேண்டாம். நடுவே நிற்கிற டெக் பெரும்பாலும் எதையும் வெட்ட மனசு வராத டெக்தான்.

யாரோடு ஆடுகிறோம் என்பதும் நாலு கார்டை மாற்றும். லூப், சாஹ்யா, டாவ் மூன்றும் ரன்னர் ஐடென்டிட்டிகள். லூப் ஆடுகிறவர், அணுகிய கார்டை டிராஷ் செய்தால் டர்னுக்கு ஒரு தடவை ஒரு கிரெடிட்டும் ஒரு கார்டும் பெறுகிறார். அவருக்கு எதிரே பணக் கார்டு நிக்கோ கேம்பெயினாக இருந்தால் அவருக்கே சோறு போடுகிறோம். உடனே பணம் தருகிற ஹெட்ஜ் ஃபண்ட், ஐஸ் பக்கம் சாய்வது நல்லது. சாஹ்யா எச்க்யூவிலும் ஆர் அண்ட் டியிலும் பார்த்த கார்டு எண்ணிக்கைக்குக் கிரெடிட் எடுப்பவர். அவருக்கு எதிராக 49 கூடுதலாக உதவும், ஏனெனில் பணம் கிடைத்தாலும் அஜெண்டா கிடைப்பது அரிதாகிறது. டாவ் வேறு வகை. அஜெண்டா ஸ்கோர் ஆனாலோ திருடப்பட்டாலோ இரண்டு ஐஸை இடம் மாற்றிவிடுவார், ரிமோட்டில் பலமான ஐஸான பிரானை நிறுத்திவிட்டு ஆர் அண்ட் டியில் சின்ன ஐஸான டைத்தை வைத்திருந்தால் ஒரே நொடியில் தலைகீழ். அவருக்கு எதிரே ஐஸின் எண்ணிக்கையைவிட, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தரமாக இருப்பதுதான் முக்கியம்.

சோதித்துப் பார்க்க, ஒரே எதிர் டெக்கோடு 45-இல் பத்து ஆட்டம், 49-இல் பத்து ஆட்டம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூன்றே குறிப்பு: மூன்றாவது டர்னில் ஆர் அண்ட் டி, எச்க்யூ இரண்டிலும் ஐஸ் இருந்ததா, கையில் மூன்று அஜெண்டா சேர்ந்த டர்ன் வந்ததா, கடைசிவரை ஆடாமலே கையில் கிடந்த கார்டு எது. வெற்றி தோல்வியை எண்ண வேண்டாம், பத்து ஆட்டத்தில் அது அதிர்ஷ்டத்தைத்தான் காட்டும். மூன்று ஆட்டத்துக்கு மேல் கையில் கிடந்த கார்டை வெட்டலாம்.

அச்சடிக்கும் செலவில் இரண்டும் ஒன்றே. கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர், ஏ4 தாளுக்கு ஒன்பது. 45-ஐ அஞ்சு தாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் ஐடென்டிட்டி கார்டு டெக் கணக்கில் சேராது. 46 ஆகிவிடும், ஆறாவது தாள் வேண்டும். 49-க்கும் ஆறு தாள்தான், நாலு இடம் மிஞ்சும். ஜெராக்ஸ் கடையில் தாளுக்குள் அடக்கும் அமைப்பை எடுத்துவிட்டு நூறு சதவீத அளவில் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கார்டு சிறுத்து ஸ்லீவில் ஆடும். தாளுக்குப் பின்னால் விறைப்புக்குப் பழைய சீட்டுக்கட்டு வைப்பதானால் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள், ரம்மிக்கு விற்கிற பல கட்டுகள் 63-ஐவிடக் குறுகலானவை. பின்பக்கம் ஒளி ஊடுருவாத ஸ்லீவ் அவசியம். மிஞ்சிய நாலு இடத்தில் மூன்றாவது பாலிசேட், மூன்றாவது ஒயிட்ஸ்பேஸ் என்று மாற்று ஐஸை அடித்து வைத்துக்கொண்டால், சோதனைக்கு நடுவே இன்னொரு தடவை கடைக்குப் போகும் வேலை மிச்சம்.