மாருத்தா, தேஜஸ் டிடி-1ஆ: சிமுலேட்டரில் எந்த முன்மாதிரியைச் சேர்ப்பது?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் நம் நாட்டு முன்மாதிரிப் போர் விமானம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் முடிவெடுத்தபோது, என் முன் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகப் பறக்கவிட்ட எச்எஃப்-24 மாருத். மற்றொன்று, அதே நகரில் 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் ஓட்டிய தேஜஸின் முதல் முன்மாதிரியான டிடி-1. கிருஷ்ணகிரியில் இருக்கும் எனக்குப் பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர்தான் என்பதால், இரண்டுமே பக்கத்து ஊர் விமானங்கள் என்ற உணர்வு உண்டு. இரண்டையும் தொடங்கினேன், மாருத்தை மட்டுமே முடித்தேன், மறுபடி கேட்டாலும் மாருத்தையே எடுப்பேன்.

ஃபிளைட்கியரைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. அது கட்டற்ற மென்பொருள். விமானத்தின் பறப்புத் தன்மையை எழுதும் ஜேஎஸ்பிசிம் கோப்பை யாரிடமும் அனுமதி கேட்காமல் திறந்து மாற்றலாம். விலைக்கு வாங்கும் போர் சிமுலேட்டர்களில் நான் விமானம் சேர்த்துப் பார்த்ததில்லை; ஆகவே அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

வெளித்தோற்றத்தை உருவாக்கும் வேலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேஜஸுக்குப் படங்கள் ஏராளம். மாருத்துக்குப் பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் விமானமே நிற்கிறது. அங்கே ஒரு முற்பகல் முழுவதும் நின்று, காற்று உள்வாயின் முன்னால் புடைத்திருக்கும் அரைக் கூம்பை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒலியைவிட வேகமாகச் செல்ல நினைத்தவர்கள் வரைந்த விமானம் என்பதை அந்தக் கூம்பு ஒன்றே சொல்லிவிடும்.

ஆயுத விஷயத்தில் மாருத் ஒரு படி முன்னால் நிற்கிறது. நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் மாருத்தின் வடிவமைப்போடு பிறந்தவை. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் இந்த விமானங்கள் தரைத் தாக்குதலில் ஈடுபட்டன. தேஜஸ் வரிசையில் முதல் ஏவுகணை 2007 அக்டோபரில்தான் ஏவப்பட்டது. அதுவும் டிடி-1இலிருந்து அன்று, பின்னால் வந்த பிவி-1இலிருந்து. போர் சிமுலேட்டரில் டிடி-1இன் இறக்கையில் ஏவுகணையைத் தொங்கவிட்டால், அது அந்த விமானத்தின் வரலாற்றில் இல்லாத ஒன்றை நாமே எழுதிச் சேர்ப்பதாகும்.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது ஆயுதம் அன்று, பராமரிப்பு. விமானத்தைச் சேர்ப்பது ஒரு முறை செய்யும் வேலை. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஆண்டுக்கணக்கில் தொடரும் வேலை.

தேஜஸ் வேண்டுமென்றே நிலைப்பற்றதாக வடிவமைக்கப்பட்ட விமானம். மூக்கு சற்று மேலே எழுந்தால், அதைத் தானாகக் கீழே இறக்கும் இயல்பு அதன் உடலமைப்பில் இல்லை. விட்டுவிட்டால் மேலும் எழும். அதை ஒவ்வொரு நொடியும் பிடித்து நிறுத்துவது நான்கு தடங்கள் கொண்ட மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு. 1998 அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்க ஒத்துழைப்பு நின்றுபோன நிலையிலும் நம் பொறியாளர்கள் அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதி முடித்து, டிடி-1ஐப் பறக்கவிட்டார்கள் என்பது மிகப் பெரிய சாதனை. அந்தச் சாதனையை ஒரு தனிமனிதர் லேப்டாப்பில் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதுதான் இங்குள்ள சிக்கல். உண்மையான விதிகள் வெளியில் கிடைப்பவை அல்ல. நாமே ஊகித்து, சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது என்பதற்கான எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் எழுதிய டிடி-1 முதல் மூன்று வாரம் அழகாகப் பறந்தது. பிறகு இறக்கையின் முன்விளிம்பு மடிப்புகள் திறக்கும்போது கூடும் இழுவையைத் திருத்தலாம் என்று அட்டவணையில் ஒரே ஒரு வரிசையை மாற்றினேன். அடுத்த முறை முந்நூற்றைம்பது நாட் வேகத்தில் ஜாய்ஸ்டிக்கை லேசாக இழுத்ததும் மூக்கு ஆடத் தொடங்கியது. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான தாக்குகோணம் நான்கு பாகை, ஒன்பது, இரண்டு, பதினான்கு என்று திரையில் தாவியது. மூன்றாவது நொடியில் விமானம் குட்டிக்கரணம் போட்டது. ஒரு வரிசை எண்ணுக்காகக் கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதையும் மறுபடி சரிசெய்ய எனக்குப் பதினொரு இரவுகள் ஆயின. எரிபொருள் தீரத் தீர ஈர்ப்பு மையம் நகர்வதையும் சேர்த்தபோது அதே கதை மறுபடி நடந்தது. காக்பிட்டும் இப்படித்தான்: டிடி-1இன் திரைகளை ஃபிளைட்கியரின் நிரல்மொழியான நாசலில் எழுத வேண்டும், சிமுலேட்டரின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முதலில் சோதிக்க வேண்டியதும் அந்தப் பகுதிதான்.

மாருத்தில் இந்தக் கவலை இல்லை. அது தன் இயல்பிலேயே நிலைப்புள்ளது. ஹைட்ராலிக் உதவி நின்றுபோனாலும் விமானி கைவலுவால் ஓட்டும்படி அமைந்தது. ஆகவே ஜேஎஸ்பிசிம் கோப்பில் ஒரு அட்டவணையை மாற்றினால், அந்த அட்டவணைக்குரிய குணம் மட்டுமே மாறுகிறது. காக்பிட்டில் இருப்பவை முள் சுழலும் வட்டக் கருவிகள். ஒரு முள்ளுக்கு எக்ஸ்எம்எல் என்ற எளிய உரைக் கோப்பில் சில வரிகள் போதும். ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் அதை மறந்துவிடலாம்.

இன்னொரு வசதியை நான் பாதி வழியில்தான் கண்டுகொண்டேன். மாருத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்கின் குழு, இயந்திரம் பொருத்திய விமானத்துக்கு முன்பே, 1959இல், எக்ஸ்-241 என்ற முழு அளவு மரக் கிளைடரைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுப் பார்த்தது. நானும் அதே வரிசையைப் பின்பற்றினேன். சிமுலேட்டரில் பத்தாயிரம் அடியில் இயந்திரம் அணைந்த நிலையில் தொடங்கி, மிதந்து இறங்கும் வேகத்தையும் மூக்கின் சாய்வையும் முதலில் சரிசெய்தேன். தூக்குவிசையும் இழுவையும் பிடிபட்ட பிறகுதான் இரண்டு ஆர்ஃபியஸ் 703 இயந்திரங்களைச் சேர்த்தேன். பாதி வேலை அந்தக் கிளைடர் கட்டத்திலேயே முடிந்துவிட்டது.

மாருத்தின் குறையையும் சொல்ல வேண்டும். ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கு என்ற இலக்கோடு வரையப்பட்ட அந்த உடலுக்குத் தகுந்த இயந்திரம் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் 703 ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசை தருவது, வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பின்னெரிப்பான் இல்லாதது. ஆகவே இணையவழிச் சண்டையில் மேலேறிச் செல்லும் எதிரியை மாருத்தால் துரத்த முடியாது. தாழ்வாகவும் நேராகவும் வேகமாகவும் வந்து தாக்கிவிட்டுப் போவதுதான் அதற்குப் பொருந்தும். ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை ஏறும் விதத்தில் என் அட்டவணை இன்னும் முழு நம்பிக்கைக்கு உரியதாகவில்லை. நான் உண்மை விமானம் ஓட்டியவன் அல்லன். கையில் உணர்ந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஓசூரில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் கேட்டான்: "மாமா, தேஜஸை விட்டுட்டு அறுபது வருஷத்துப் பழசை எதுக்கு எடுத்தீங்க?" கட்டுப்பாட்டியல் அவனுக்குப் பாடத்திலேயே வருகிறது, இரவில் உட்கார்ந்து எண்களைச் சரிசெய்யும் பொறுமையும் வயதும் அவனுக்கு உண்டு. அவனைப் போன்றவர்களுக்கு டிடி-1 சரியான தேர்வாகவே இருக்கக்கூடும். என் டிடி-1 கோப்புறையை அவனிடம் கொடுத்துவிட்டேன். வெளி உருவமும் சக்கரங்களும் முடிந்திருக்கின்றன. முன்விளிம்பு மடிப்பின் அட்டவணையை மட்டும், கட்டுப்பாட்டுப் பகுதியை எழுதத் தொடங்கும் முன்பே இறுதி செய்துவிடும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.