விரலை நிமிர்த்தும் 'அமெரிக்க ஊசி': ஏமாந்துவிடாதீர்கள்

"கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே ஊசியில் விரல் நிமிரும்" என்று போர்டு வைத்திருக்கும் வலி கிளினிக்குக்குப் போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அப்பாவின் விரலுக்கு 35,000 ரூபாய் கட்டினோம். விரல் மடங்கியபடியேதான் இருக்கிறது.

அவருக்கு இருப்பது டுப்யூட்ரன் காண்ட்ராக்சர். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்து, கயிறு மாதிரி திரண்டு, விரலை உள்பக்கம் இழுத்துவிடும். பெரும்பாலும் மோதிர விரல் அல்லது சுண்டு விரல். வட ஐரோப்பியர்களுக்குத்தான் அதிகம். நம் ஊரில் குறைவு என்றாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு வருவதுண்டு. வலி பெரிதாக இருக்காது. ஆனால் முகம் கழுவினால் விரல் கண்ணில் குத்தும், சட்டைப்பையில் கைவிட்டால் மாட்டிக்கொள்ளும்.

கிளினிக்கில் ஆலோசகர் என்று ஒரு பெண். "அங்கிள், இது அமெரிக்கன் என்சைம். உள்ள இருக்கிற கயிறை அப்படியே கரைச்சிடும்" என்றார். அப்படி ஒரு ஊசி இருப்பது உண்மைதான். கொலாஜனேஸ் என்று பெயர்; 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் விற்றுக்கொண்டிருந்ததைக்கூட 2020-ல், வியாபாரக் காரணத்துக்காக, நிறுத்திவிட்டார்கள். அங்கேயே கிடைக்காத மருந்து இந்தத் தெருமுனை கிளினிக் ஃப்ரிட்ஜில் இருக்கிறதாம்!

அந்த ஊசி போட்டால் வேலை அதோடு முடியாது. ஓரிரு நாளில் மறுபடி வரச்சொல்லி, கையை மரக்கவைத்து, டாக்டரே விரலை இழுத்து நிமிர்த்தி அந்தக் கயிறை அறுக்க வேண்டும். இங்கே யாரும் விரலைத் தொடவில்லை. "அடுத்த மாசம் இன்னொரு டோஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அப்பாவின் சர்க்கரை 380.

பில்லில் 'இன்ஜெக்‌ஷன் பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தது. சத்தம் போட்ட பிறகுதான் மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ட்ரையாம்சினோலோன். சாதாரண ஸ்டீராய்டு. விரல் டக்கென்று மாட்டி விடுபடும் ட்ரிக்கர் ஃபிங்கருக்கு அது நன்றாகவே கேட்கும். டுப்யூட்ரனில் கட்டி கொஞ்சம் இளகலாம். மடங்கிப்போன விரல் நிமிராது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும்; அப்பா மாதிரி சர்க்கரைக்காரருக்குப் போடுவதாக இருந்தால் முதலில் எச்சரித்திருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மெடிசின் உடம்புக்குள்ள போயிடுச்சே சார், எப்படி ரிட்டர்ன் எடுக்கிறது?" என்றார் மேனேஜர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்புறம் கை அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். கையை மேஜையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார், தட்டையாகப் படியவில்லை. கத்தியில்லாத வழி இருக்கிறது, ஊசி முனையாலேயே கயிறை அங்கங்கே அறுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். கூடவே, விரலின் அடிமூட்டு நன்றாக நிமிரும், நடுமூட்டு சிரமம், திரும்ப மடங்கும் வாய்ப்பு ஆபரேஷனைவிட அதிகம், பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது என்பதையும் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

யார் ஊசி போட்டாலும் குப்பியைக் கையில் வாங்கி, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் அந்தத் துண்டுச் சீட்டோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.