பேட்ச் போய்ச் சேர்கிறது, டேப் போய்ச் சேர்வதில்லை

"மாமா, லினக்ஸ் கர்னலுக்குத் திருத்தம் அனுப்ப இன்னும் மின்னஞ்சல்தானா?" என்று, லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னலைப் பற்றி அக்காள் மகன் கேட்டான். அன்று காலைதான் நான் மடலில் அனுப்பிய பேட்ச், அதாவது நிரல் திருத்தம், ஒன்று 'பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்திருந்தது. நான் பொறுமையாகப் பதில் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கர்னல் நிரலில் உள்தள்ளல் என்றால் டேப், எட்டு எழுத்து அகலம். எங்கள் அலுவலக மெயில் சர்வரோ அந்த டேப்களை இடைவெளிகளாக மாற்றிவிடுகிறது, அதனால் பேட்ச் மூல நிரலோடு பொருந்தாமல் போகிறது. அடியில் 'இம்மடல் ரகசியமானது' என்ற எச்சரிக்கையையும் ஒட்டுகிறது. எல்லோரும் படிப்பதற்காக அனுப்பும் மடலில் அந்த வாசகம் இருந்தால், பேட்ச்சைத் தொடவே மறுக்கும் பராமரிப்பாளர்கள் (திருத்தங்களைப் பார்த்து ஏற்பவர்கள்) உண்டு. அவர்கள் மறுப்பதில் தவறில்லை. வேலை நிறுவனத்துடையது என்பதால் நான் முகவரியை மாற்றவும் முடியாது.

முதலில் உனக்கே அனுப்பி, மடலில் வந்த பேட்ச்சை நிரலில் சேர்க்கும் 'கிட் ஏஎம்' கட்டளையைக் கொடுத்துச் சோதித்துப் பார் என்பார்கள். சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகப் பொருந்தியது. அலுவலகத்துக்கு உள்ளேயே சுற்றும் மடலை அந்த சர்வர் தொடுவதில்லை, வாசலைத் தாண்டும் மடலைத்தான் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் என் நிரலையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் 2023-ஐ மறக்க முடியாது. மின்வெட்டு மிக மோசமாக இருந்த அந்த ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் இணையம் இல்லாத நேரங்களில்தான் நான் அதிகம் எழுதினேன். நிரலின் முழு வரலாறும், பழைய விமர்சனங்களும் மடிக்கணினியிலேயே இருந்தன. எந்த இணையதளமும் திறக்க வேண்டியதில்லை. பேட்டரி வெளிச்சத்தில் பேட்ச்சைத் தயாரித்து வைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் அதை மடலாக அனுப்ப 'கிட் செண்ட்-இமெயில்', ஒரே கட்டளை. பதினொரு வரித் திருத்தம் ஒன்றுக்கு, என்னை அறியாத ஒருவர் வரிக்கு வரி கீழே தன் கேள்விகளை எழுதியிருந்தார். மூன்றாவது வரியில் நான் நிரலின் பூட்டை (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுப்பது) விடுவிக்க மறந்ததை அவர்தான் பிடித்தார். அவ்வளவு கவனமாக என் எழுத்தை அதுவரை யாரும் படித்ததில்லை.

இப்போது கர்னல் பேட்ச்களை அனுப்ப உதவும் 'பி4' கருவிக்கு மாறிவிட்டேன். அனுப்புவது நான்தான் என்று காட்டும் டிஜிட்டல் சாவியை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், அலுவலக மெயில் சர்வரைத் தொடாமல் கர்னல் தளத்தின் வழியே பேட்ச் போகிறது. டேப்கள் அப்படியே போய்ச் சேருகின்றன, எச்சரிக்கையும் இல்லை. கர்னலுக்கு வெளியே உள்ள திட்டங்களுக்கு மட்டும் அந்த வழி உதவாது, அங்கே பழைய சர்வரோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு, புதிதாக வருபவருக்கு இந்த மின்னஞ்சல் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்காள் மகனிடமும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். நேற்றிரவு என் அடுத்த பேட்ச்சை அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.