டாக்டர் கவாஷிமாவா, பேராசிரியர் லேட்டனா?

பணி ஓய்வு பெற்றதும் அம்மா, மூளைக்கு வேலை கொடுக்கிற விளையாட்டு ஏதாவது வேண்டும் என்றார். வீட்டில் பழைய நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி கிடந்தது. ஜப்பானில் 2005இல் வந்த டாக்டர் கவாஷிமாவின் மூளைப் பயிற்சி, 2007இல் வந்த முதல் பேராசிரியர் லேட்டன் புதிர் விளையாட்டு இரண்டையும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டில் நிலைத்தது லேட்டன்தான்.

கவாஷிமாவின் பலம் ஒழுங்கு. கருவியைப் புத்தகம்போலப் பிடித்து, 20 சின்னக் கணக்குகளை வேகமாக எழுதிப் போட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நாள்காட்டியில் அன்றைய முத்திரை விழுந்துவிடும். காலைக் காப்பியோடு உட்கார இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் அது தருகிற 'மூளை வயது' எண்ணில்தான் (குறைந்தால் நல்லது) எனக்குச் சிக்கல். அம்மாவுக்கு 68இல் தொடங்கி ஒரு மாதத்தில் 41க்கு இறங்கியது. அவருக்குக் கை பழகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். 2010இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் மூளைப் பயிற்சிகள் செய்தார்கள். பழகிய பயிற்சிகளில் முன்னேறினார்கள். பழகாத சோதனைகளுக்கு அந்தத் திறமை போய்ச் சேரவில்லை. அது கவாஷிமாவின் விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் ஒரே பயிற்சியைத் தினமும் செய்கிற எதற்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

லேட்டனில் ஒவ்வொரு புதிரும் புதிது. மூன்று ஓநாய், மூன்று கோழிக்குஞ்சு, ஒரு தெப்பம், ஒரு தடவைக்கு இரண்டு பேர், எல்லோரும் ஆற்றைக் கடக்க வேண்டும். குஞ்சுகள் இருக்கும் எந்தக் கரையிலும் அவற்றைவிட ஓநாய்கள் அதிகமாகிவிடக் கூடாது. "இது நம்ம புலி, ஆடு, புல்லுக்கட்டுதானே" என்றார் அம்மா. ஆனால் அது இங்கே பலிக்கவில்லை. புளியங்கொட்டையையும் சட்டைப் பொத்தானையும் தரையில் பரப்பி முக்கால் மணி நேரம் நகர்த்தினார். நடுவில் ஒரு கட்டத்தில், அக்கரை சேர்ந்த ஓநாயையும் குஞ்சையும் சேர்த்தே திரும்பக் கூட்டி வர வேண்டும். மனம் அதற்கு ஒப்பவே ஒப்பாது. அந்த இடம் பிடிபட்டபோது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தப்பான விடை சொன்னால் புள்ளி குறையும், அதனால் குருட்டாம்போக்கில் அடிக்கவும் தோன்றாது. திணறினால் மூன்று குறிப்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுக்குள் சேர்த்த ஒரு நாணயம் செலவாகும்.

குறை இல்லாமல் இல்லை. விடை தெரிந்த புதிர் அத்தோடு சரி. சில புதிர்கள் ஆங்கில வாசகத்தின் நெளிவில் நிற்கின்றன. அங்கே நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலம் சிரமம் என்றால் கவாஷிமாவின் கணக்குகளே நல்லது. லேட்டன் வரிசையில் நாங்கள் ஆடியது முதல் இரண்டு மட்டும், அடுத்தவற்றுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. முதலாவது இப்போது கைபேசியிலும் கிடைக்கிறது, டிஎஸ் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் புளியங்கொட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.