இந்தி பேசும் பிரஷர் மெஷின்: நாலு மாத அனுபவம்

செங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் 2,100 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அளவை வாய்விட்டுச் சொல்லும் என்றதால்தான் எடுத்தேன், வீட்டுக்கு வந்து அமுக்கினால் இந்தி, மாற்றினால் இங்கிலீஷ். தமிழும் மலையாளமும் புழங்கும் ஊருக்கு இது எதற்கு? "எலே, இவன் என்னலே சொல்லுதான்?" என்று அப்பா கேட்க, அன்றைக்கே சத்தத்தை அணைத்துவிட்டேன்.

பிரஷர் மெஷின் தேவைப்பட்டதே அப்பாவுக்காகத்தான். ஆரியங்காவில் மரக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதினவர், அம்மா போனபிறகு பால் கணக்கிலேயே தடுமாறினார். மறதி நோய் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். மெஷினோ ஒருநாள் 168 காட்டும், இன்னொருநாள் 142, மறுபடி 170. மெஷின் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினவன் தற்செயலாக அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், பாதி அப்படியே இருக்கிறது. "போட்டு என்ன ஆகப்போகுது" என்றார்.

புனலூர் டாக்டர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார். தூக்கம், பசி, எதிலும் நாட்டமின்மை என்று ஒன்பது கேள்வி கேட்டு, மனச்சோர்வு என்றார். பிரஷர் வருடக்கணக்கில் ஏறி நின்றால் மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டு யோசிக்கும் வேகமும் திட்டமிடுவதும் குறையுமாம், மனச்சோர்வு கைவைப்பதும் அதே இடத்தில்தான், போதாததற்கு மனசு விட்டுப்போனவர் மாத்திரையையும் விட்டுவிடுவதால் பிரஷர் இன்னும் ஏறும். அப்போ பிரஷரைக் குறைத்தால் போதுமா என்றேன். 2019இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வைச் சொன்னார்: மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே என்று நிறுத்தினவர்களைவிட லேசான நினைவுக் குறைவு கம்மியாக வந்தது, ஆனால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே வைத்தியம் தொடங்கினார்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். கூட வரும், கையில் சுற்றுகிற பட்டை அப்பாவின் தடித்த கைக்குப் பத்தாது, பட்டை சின்னதானால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரியது தனியாக 600 ரூபாய், இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. அஞ்சு நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து பாருங்கள். டீ குடித்த உடனே வேண்டாம், கேரளா லாட்டரி ரிசல்ட் பார்த்த கையோடு வேண்டவே வேண்டாம். வீட்டில் 135/85 தாண்டியே நின்றால் டாக்டரிடம் போங்கள்.

இப்போது 130ஐ ஒட்டி நிற்கிறது. பால் கணக்கை அப்பாவே போடுகிறார், மெதுவாக, சில நாள் தப்பாகவும். மெஷினுக்கு மூன்று நட்சத்திரம், பெரிய பட்டையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நாலு.