கண் கூசுதா? போலரைஸ்டு கண்ணாடியா, ஏ.ஆர். கோட்டிங்கா?

கண்ணாடிக் கடையில் "கிளேர் அடிக்காது சார்" என்று இரண்டு சரக்கைக் காட்டுவார்கள். ஒன்று போலரைஸ்டு கூலிங் கிளாஸ், இன்னொன்று ஏ.ஆர். கோட்டிங் (ஆன்டி-ரிஃப்ளெக்டிவ், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) போட்ட லென்ஸ். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதலாவது ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டு வரும் பளபளப்பைத் தடுக்கிறது. இரண்டாவது உங்கள் லென்ஸ் உண்டாக்கும் பிரதிபலிப்பைக் குறைக்கிறது.

முதலில் போலரைஸ்டு. ஒளி ஓர் அலை; வெயிலில் அது எல்லாப் பக்கமும் அதிரும். வெயில் தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, தண்ணீர்ப் பரப்புக்கு இணையாக அதிரும் ஒளிதான் அதிகம் திரும்புகிறது. மற்றது பெரும்பாலும் உள்ளே போய்விடும். குத்துக்கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் திரும்புவது முழுக்க முழுக்க இணையாக அதிரும் ஒளிதான். சாதாரணக் கண்ணாடிக்கு இது 56 டிகிரி. பிரதிபலித்த ஒளிக்கு இப்படி ஒரு குணம் இருப்பதை 1808-ல் பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கவனித்தார். லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டு வந்த வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தபோது கண்டது அது. இந்தக் கோணத்துக்கும் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் எண்) உள்ள கணக்கை 1815-ல் சொன்னவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ப்ரூஸ்டர்.

கிடைமட்டமாக அதிரும் இந்த ஒளியைத்தான் போலரைஸ்டு லென்ஸ் மறிக்கிறது. குளத்தங்கரையில் உங்கள் கண் தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீரில் பளபளப்பு அநேகமாகக் காணாமல் போகும். தண்ணீர் தெளிவாக இருந்தால் மீனே தெரியும். தூரத்துத் தண்ணீரில் அந்த அளவுக்கு எடுபடாது, கோணம் மாறிவிடுகிறதே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செங்குத்தாக நிற்கும் கடை ஷோகேஸைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அங்கே திரும்பும் ஒளி மேலும் கீழுமாக அதிரும். போலரைஸ்டு கண்ணாடி அதைத் தாராளமாக விட்டுவிடும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் சட்டென்று குறையும். கேமராக்காரர்கள் ஃபில்டரைச் சுழற்றுவது இதற்காகத்தான்.

அடுத்து ஏ.ஆர். கோட்டிங். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள லென்ஸில் நேராக விழும் ஒளியில் ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம் திரும்பும். பவர் அதிகம் என்று 1.67 எண் உள்ள மெல்லிய லென்ஸ் வாங்கினால் அதுவே 6 சதவீதத்துக்கு மேல். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 12. அதனால் மெல்லிய லென்ஸுக்குத்தான் கோட்டிங் ரொம்ப அவசியம். கோட்டிங்கின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்யும்படி தடிமனை வைக்கிறார்கள். மெக்னீசியம் ஃப்ளோரைடு ஒற்றை அடுக்கு என்றால் சுமார் 100 நானோமீட்டர் போதும். எல்லா நிறத்துக்கும் கணக்கு ஒத்துவராததால்தான் லென்ஸைச் சாய்த்தால் பச்சையோ ஊதாவோ லேசாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்று: ரோட்டுப் பளபளப்பை ஏ.ஆர். கோட்டிங் தொடவே தொடாது. வெளியிலிருந்து வருவதை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே விடும்.

சரி, எது வாங்கலாம்? பகலில் வண்டி ஓட்டுகிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் போலரைஸ்டு. இரவில் ஓட்டவும், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவும் ஏ.ஆர். இரவில் போலரைஸ்டு போட்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். இருக்கிற வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். பவர் உள்ள கூலிங் கிளாஸ் செய்பவர்கள் போலரைஸ்டு லென்ஸின் உள்பக்கம் மட்டும் ஏ.ஆர். போடச் சொல்லலாம், முதுகுப்பக்க வெயில் லென்ஸில் பட்டுக் கண்ணில் அடிக்காது.

வெறும் கறுப்புக் கண்ணாடியைப் போலரைஸ்டு என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. கடையிலேயே ஓர் எல்.சி.டி. திரை முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டால் அசல். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால் அது வெறும் சாயம்தான்.