கூபெர்க்கைப் பிரித்தகற்றப் போவது யார்? மூன்று வழிகளின் ஒப்பீடு

கேப்டவுனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் கரையில் நிற்கும் கூபெர்க், ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்று மின்சாரம் தந்துகொண்டிருக்கும் ஒரே அணுமின் நிலையம். 1984இலும் 1985இலும் இயங்கத் தொடங்கிய அதன் இரண்டு உலைகளுக்கும் முதலில் கணக்கிடப்பட்ட ஆயுள் 40 ஆண்டுகள். முதல் உலையின் உரிமத்தைத் தேசிய அணு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலையில் மேலும் 20 ஆண்டுகளுக்கு, அதாவது 2044 வரை, நீட்டித்தது. இரண்டாவது உலைக்கும் பின்னர் அதே அளவு நீட்டிப்புக் கிடைத்தது. மூடுவதற்கே இருபது ஆண்டுகள் இருக்கும்போது அதை யார் பிரித்தகற்றுவது என்ற பேச்சு இப்போது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்த வேலைக்கான பணத்தைச் சேர்க்க எஞ்சியிருப்பவை இந்த இருபது ஆண்டுகள்தாம் என்பதே என் பதில்.

நான் வசிக்கும் டேபிள் வியூ பகுதி, நிலையத்தைச் சுற்றியுள்ள 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட வட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. எங்கள் ரேட்பேயர்ஸ் (நகராட்சி வரி செலுத்துவோர்) சங்கத்தின் சார்பில் இதைப் பற்றி எழுத்துமூலமாக ஒரு கருத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, மூன்று வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நிலையத்தின் உரிமையாளரான அரசு மின் நிறுவனம் எஸ்காமே பிரித்தகற்றுவது முதல் வழி. நெக்சாவைப் போன்ற ஓர் அரசு அணு நிறுவனத்திடம் உரிமத்தோடு ஒப்படைப்பது இரண்டாவது. அமெரிக்காவில் நடப்பதுபோல், பிரிப்பு வேலையையே தொழிலாகக் கொண்ட தனியார் நிறுவனத்துக்கு நிலையத்தை உரிமத்துடன் விற்றுவிடுவது மூன்றாவது. முதல் வழியை ஒரு கடுமையான நிபந்தனையோடு நான் பரிந்துரைத்தேன்; ஆகவே இக்கட்டுரை அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வேலை என்ன என்பதில் மூன்று வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிலையத்திலுள்ள கதிரியக்கத்தின் மிகப் பெரும்பகுதி எரிபொருளில் இருப்பதால் முதலில் அதை எடுத்துக் குளத்தில் குளிரவைத்து, பிறகு உலர் கொள்கலன்களுக்கு மாற்ற வேண்டும். அடுத்து, உலைக் கலத்தின் உள்ளுறுப்புகளை நீருக்கடியில் வெட்டி எடுக்க வேண்டும். இறுதியில் கான்கிரீட்டின் மாசுபட்ட மேற்பரப்பைச் சுரண்டி நீக்க வேண்டும். உலோகத்தில் ஊறியிருக்கும் கோபால்ட்-60இன் அரையாயுள் ஐந்தேகால் ஆண்டு என்பதால், முப்பது ஆண்டுகள் காத்திருந்தால் அதன் வீரியம் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும். காத்திருப்பதை ஆதரிப்போர் இதைத்தான் முன்வைக்கிறார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளில் நிலையத்தை அறிந்தவர்களும் இருக்கமாட்டார்கள். தனியே பூட்டிவைக்காத பணமும் இருக்காது.

தனியாரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் சங்கக் கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அமெரிக்காவின் வெர்மான்ட் யாங்கி நிலையம் 2014 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பழைய உரிமையாளர் பல பத்தாண்டுகள் பூட்டிவைத்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்றிருந்தார். 2019இல் அதை வாங்கிய நார்த்ஸ்டார் நிறுவனமோ 2030க்குள் முடிப்பதாகச் சொல்லி உடனே வேலையைத் தொடங்கியது. இந்த வேகம் உண்மையானது, மறுப்பதற்கில்லை. அந்த வேகத்துக்குக் காரணம் வணிகக் கணக்கு. அமெரிக்க நிலையங்கள் இயங்கும் காலத்திலேயே பிரிப்புச் செலவுக்கான அறக்கட்டளை நிதியை, உரிமையாளர் தொட முடியாத கணக்கில், சேர்த்து வைத்திருக்கின்றன. நிலையத்தை வாங்குபவர் அந்த நிதியையும் சேர்த்துப் பெறுகிறார். செலவைக் குறைத்து விரைவாக முடித்தால்தான் அவருக்கு ஆதாயம். செலவு நிதியைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதே அங்குள்ள மக்களின் கவலை; உரிமத்தைப் பெரும்பாலும் வைத்திருப்பது அந்த ஒரு நிலையத்துக்கென்றே அமைக்கப்பட்ட வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள துணை நிறுவனம். நியூயார்க்குக்கு அருகிலுள்ள இந்தியன் பாயின்ட் நிலையத்தை 2021இல் ஹோல்டெக் வாங்கிய பின், டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த நீரை ஹட்சன் ஆற்றில் விடும் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, 2023இல் மாநிலம் அதைத் தடுக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அதே நிறுவனம் மிஷிகனிலுள்ள பாலிசேட்ஸ் நிலையத்தைப் பிரிப்பதற்காக 2022இல் வாங்கி, பிறகு அதை மீண்டும் இயக்கவே முடிவு செய்தது என்பது ஒரு வேடிக்கை.

இந்த வழியை நான் ஒதுக்கியதற்குக் காரணம் ஹட்சன் ஆறு அல்ல, நம் நாட்டுச் சுரங்கங்கள். தென்னாப்பிரிக்காவில் உரிமையாளர் இன்றிக் கைவிடப்பட்ட சுரங்கங்கள் சுமார் 6,000 இருக்கின்றன. இலாபம் வற்றியதும் பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்கு விற்பதும், அது இன்னும் சிறியதற்கு விற்பதும், கடைசியில் வாங்கியவர் திவாலாகிப் போவதும், அமில நீர் மட்டும் நிலத்தில் மிஞ்சுவதும் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பகுதியில் கண்கூடாகப் பார்த்த கதை. டர்பனில் நான் வளர்ந்த மீர்பேங்கைச் சுற்றியுள்ளவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சுரங்கம்கூடத் தேவையில்லை. ஷெல், பிபி இரண்டும் நடத்திய சாப்ரெஃப் சுத்திகரிப்பு ஆலை 2022இல் நின்றது. 2024இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரு ராண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. நாட்டின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை ஒரு ராண்டுக்குக் கைமாறுகிறது என்றால், சொத்தோடு சுமையும் சேர்ந்தே கைமாறுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் உள்ள பூட்டிய நிதி இங்கே இல்லாத நிலையில் தனியாரை அழைத்தால், வாங்குபவருக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அரசு நிறுவனம் என்ற இரண்டாவது வழி இதைவிட மதிப்பானது. ஸ்பெயினில் 1984இல் அமைக்கப்பட்ட என்ரேசா, மூடிய நிலையத்தை உரிமத்தோடு பெற்றுக்கொண்டு பிரிக்கிறது. ஹோசே கப்ரேரா நிலையம் 2010இல் அவ்வாறே அதன் கைக்கு மாறியது. பிரிட்டனில் 2005 ஏப்ரலில் பணி தொடங்கிய அணுநிலைய அகற்றல் ஆணையம் பல அணுத் தளங்களுக்குப் பொறுப்பேற்றது. ஆனால் அது மேக்னாக்ஸ் என்ற பழைய வகை அணுமின் நிலையங்களின் வேலையை 2014இல் ஒரு தனியார் கூட்டணிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்ததும், ஒப்பந்தப்புள்ளித் தேர்வில் நடந்த குளறுபடிக்காகத் தோற்ற நிறுவனங்களுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்ய நேர்ந்ததும், 2019இல் வேலையைத் தானே திரும்ப ஏற்றுக்கொண்டதும் அரசுப் பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதற்குச் சான்று.

நம்மிடம் இதற்கான நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. பெலிண்டாபாவில் பழைய யுரேனியச் செறிவூட்டும் ஆலைகளைப் பிரித்த அனுபவம் நெக்சாவுக்கு உண்டு. வடக்குக் கேப்பின் வால்புட்ஸில் 1986 முதல் தாழ்நிலைக் கழிவு புதைக்கப்பட்டு வருகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியக் கதிரியக்கக் கழிவு அகற்றல் நிறுவனமும் அமைந்தது. குறை என்னவென்றால், இவை ஆண்டுதோறும் கருவூலத்தின் கையை எதிர்பார்த்திருப்பவை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதாத வரவுசெலவுத் திட்டத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன்பே மின்சாரம் தருவதை நிறுத்திவிட்ட ஒரு கட்டடத்துக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்க எந்த நிதியமைச்சருக்கும் மனம் வராது. வேறொரு நெருடலும் இருக்கிறது: மின்சாரத்தை விற்றவர் ஒருவர், அதை வாங்கியோர் சிலர், துப்புரவுக்குப் பணம் தருவோர் வரி செலுத்தும் எல்லோரும். 2005இல் வெளியான கதிரியக்கக் கழிவுக் கொள்கையே மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிறது.

இனி எஸ்காம். பிரான்சில் மின் நிறுவனமான ஈ.டி.எஃப். தன் நிலையங்களைத் தானே பிரிக்கிறது. 2020இல் மூடப்பட்ட ஃபெசன்ஹைம், கூபெர்க்கைப் போலவே ஃபிராமடோம் வடிவமைத்த 900 மெகாவாட் வகை அழுத்தநீர் உலைகளைக் கொண்டது; அங்கே எதை முதலில் வெட்டுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதை நம் பொறியாளர்கள் இருபது ஆண்டுகள் முன்கூட்டியே பார்த்துக் கற்கலாம். ஜெர்மனியிலும் நிலையங்களை இயக்கிய நிறுவனங்களே பிரிக்கின்றன. எந்தக் குழாய் எந்த ஆண்டில் கசிந்தது, எந்தச் சுவருக்குப் பின்னால் எது செருகப்பட்டது என்பதெல்லாம் இயக்கியவர்களின் ஏட்டிலும் நினைவிலும் இருப்பவை. இருந்தாலும் இந்த நினைவு வாதத்தை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. 2044இல் வேலை தொடங்கும்போது இன்று நிலையத்தை இயக்குபவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஏட்டை ஒழுங்காக எழுதிவைத்தால் அதை மற்றவரும் படிக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பொறுப்பு யார் பெயரில் நிற்கிறது என்பதும், அதற்கான பணம் எங்கே கிடக்கிறது என்பதும்தான். உரிமம் எஸ்காமிடமே இருக்கும்வரை, ஒழுங்குமுறை ஆணையம் தளத்தை விடுவிக்கும் நாள்வரை, கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது. அது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். கடையைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போக முடியாது. ஆனால் கூபெர்க்கைப் பிரிக்க எஸ்காம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லும் தொகை அதன் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள ஓர் ஏற்பாட்டுக் கணக்கு. கணக்கில் எழுதிய எண் வேறு, வங்கியில் பூட்டிய பணம் வேறு. ஏற்பாட்டுக் கணக்கு என்பது ‘இவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்’ என்ற ஒப்புதல். அந்த மதிப்புள்ள ரொக்கம் இதற்கிடையே நிலக்கரி வாங்கவும் வட்டி கட்டவும் மெடுபி நிலக்கரி நிலையத்தில் பழுது பார்க்கவும் போயிருக்கலாம். 2023இல் 254 பில்லியன் ராண்ட் கடன் நிவாரணத்தை அரசு அறிவிக்க வேண்டியிருந்த ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியை மட்டும் நம்பி இருபது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. மேலும் எஸ்காமே தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவருகிறது. மின்கடத்தல் பிரிவு 2024 ஜூலை முதல் தனி நிறுவனமாக இயங்குகிறது. நாளை உற்பத்திப் பிரிவும் துண்டுகளாகும்போது கூபெர்க் எந்தத் துண்டோடு போகும், அந்தத் துண்டின் கையில் என்ன இருக்கும் என்பதை இன்றே எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே எங்கள் நிபந்தனை இது: வேலையும் பொறுப்பும் எஸ்காமிடம் இருக்கட்டும், பணம் அதன் கையில் இருக்கக் கூடாது. விற்கும் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் ஒரு சிறு தொகை, மின்கட்டண ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவின் ஒப்புதலோடு, தனி நிதியத்துக்குப் போக வேண்டும். முடிந்த வேலைக்கு ஆணையம் சான்றளித்த பிறகே அதிலிருந்து எஸ்காமுக்குப் பணம் வர வேண்டும். பின்லாந்தில் அணுக்கழிவுச் செலவுக்கு இப்படியொரு அரசு நிதியம் 1988 முதல் இருக்கிறது. ஜெர்மனி 2017இல் வேறொரு பாதியைச் செய்தது: நிறுவனங்களிடமிருந்து சுமார் 2,400 கோடி யூரோவைப் பெற்றுக் கழிவைச் சேமித்துப் புதைக்கும் பொறுப்பை அரசு ஏற்றது, பிரிப்பு வேலையும் அதன் செலவும் நிறுவனங்களின் தலையிலேயே நின்றன. இங்கோ, கதிரியக்கக் கழிவு மேலாண்மை நிதியத்துக்கான சட்டம் பல ஆண்டுகளாக மசோதாவாகவே இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளவுகோலையே இன்னும் வாங்கவில்லை.

எஸ்காமின் திறமையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீராவி உருவாக்கிகளை மாற்றுவதற்காக 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட முதல் உலை, சுமார் ஆறு மாதங்களில் திரும்பும் என்று சொல்லப்பட்டு, 2023 நவம்பரில்தான் மின்சாரம் தந்தது. ஆனாலும் கதிரியக்கம் ஏறிய பெரும் உறுப்புகளை வெட்டி வெளியே எடுத்த அனுபவம் அந்தத் தாமதத்தில்தான் கிடைத்தது. நாட்டில் வேறு எவரிடமும் அது இல்லை. 2022 அக்டோபரில் மூடப்பட்ட கோமாட்டி நிலக்கரி நிலையத்தில் ஊழியர்களையும் சுற்றுவட்டார மக்களையும் போதிய அளவு ஆயத்தப்படுத்தவில்லை என்ற விமர்சனம் இன்னும் ஓயவில்லை. கூபெர்க்கைச் சுற்றி அட்லாண்டிஸ் போன்ற ஏழ்மையான ஊர்கள் இருப்பதால் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. பிரிப்பு வேலையில் உள்ளூர் ஆட்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கும் என்பதில் என்னிடம் நம்பிக்கை உண்டு, ஆதாரம் இல்லை.

யார் கையில் வேலை போனாலும் அதைக் கண்காணிக்கும் அமைப்பில் மக்களின் குரல் வேண்டும் என்பதில் சங்கத்தில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் குழுவில் குடிமைச் சமூகத்தின் சார்பில் இருந்த பீட்டர் பெக்கரை அமைச்சர் 2022இல் நீக்கியதும், உயர்நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்ததும் எல்லோருக்கும் நினைவிருந்தது. சண்டை வந்தது கட்டணத்தில்தான். மின்சாரம் ஏற்கெனவே கட்டுப்படியாகாத விலையில் இருக்கும்போது இன்னொரு தொகையா என்று ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மையார் கேட்டார். அந்தத் தொகை இன்று பட்டியலில் தெரியாவிட்டால் 2044க்குப் பிறகு அவருடைய பேரப்பிள்ளைகளின் வரியில் தெரியும் என்றேன். மிகக் குறைந்த அளவு மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்ற வரியை அவர் சொல்லச் சொல்லச் சேர்த்த பிறகுதான் கையெழுத்திட்டார். எங்கள் கருத்து அந்த வரியோடுதான் அனுப்பப்பட்டது.